ரவுட்டர் டேபிள்: வாங்குவதா, நாமே செய்வதா?

20 மி.மீ. அகல ரீப்பரின் விளிம்பில் கை ரவுட்டரை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ரவுட்டர் என்பது பிட் எனும் வெட்டுமுனையைச் சுழற்றி மரத்தைச் செதுக்கும் மின்கருவி. அதன் அடித்தட்டு ஏறக்குறைய 15 செ.மீ. அகலம் இருக்கும். அது உட்கார அந்த மரத்தில் இடமே கிடையாது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், பிட் மரத்தைக் கடித்துக் குதறிவிடும். மரத்தைக் கட்டிப்போட்டு அதன்மேல் இயந்திரத்தை ஓட்டுவதற்குப் பதில், இயந்திரத்தைத் தலைகீழாகக் கட்டிப்போட்டு அதன்மேல் மரத்தை ஓட்டினால் என்ன என்று யாருக்கோ தோன்றியதுதான் ரவுட்டர் டேபிள். நடுவில் ஓட்டையுள்ள தட்டையான பலகை, அடியில் தொங்கும் ரவுட்டர், மரம் அணைந்து போக நேரான ஒரு சட்டம். அந்தச் சட்டத்தை ஃபென்ஸ் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இவ்வளவு எளிதான பொருள் என்பதால்தான் குழப்பமும் வருகிறது. "பலகையில் ஓட்டை போட எதற்குக் காசு?" என்று ஒரு மனம் சொல்லும். கடையில் பளபளவென்று நிற்கும் மேசையைக் கண்டால் இன்னொரு மனம் அதையே சுற்றிச் சுற்றி வரும். நான் ஒன்று வாங்கினேன், இரண்டு செய்தேன், மூன்றிலும் தப்பு பண்ணினேன். அதில் கற்றது இது: வாங்குவதா, செய்வதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மேற்பலகை, அதன் நடுவில் பதிந்து ரவுட்டரைத் தாங்கும் தகடு, ஃபென்ஸ், கால், சுவிட்ச் என்று ஐந்து பொருள்களைப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில், மேசை வேண்டுமா?

எல்லா ரவுட்டர் வேலைக்கும் மேசை தேவையில்லை. அலமாரியின் பக்கப் பலகையில் தட்டு செருகக் காடி எனும் நீளப் பள்ளம் எடுப்பது, கதவில் கீல் பதியப் பள்ளம் எடுப்பது, பெரிய பலகையின் விளிம்பை உருட்டுவது எல்லாம் கை ரவுட்டர் வேலை. பெரிய மரத்திடம் ரவுட்டர் போகட்டும், சிறிய மரம் ரவுட்டரிடம் வரட்டும். படச்சட்டம், பெட்டி, இழுப்பறை, கண்ணாடிக் கதவுச் சட்டம், பீடிங், நாக்கும் காடியுமாக இணையும் பலகைகள் என்று சின்னத் துண்டுகளை ஒரே மாதிரி இருபது முப்பது வெட்ட வேண்டி வரும்போதுதான் மேசையின் அருமை தெரியும். வருடத்துக்கு ஒரு முறைதான் அப்படி வேலை வரும் என்றால், கீழே சொல்லப்போகும் ஒரு மாலை நேரத்துப் பலகையே உங்களுக்குப் போதும். கட்டுரையின் பாதியிலேயே நீங்கள் எழுந்து போகலாம்.

கையிலிருக்கும் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்

மேசையைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் நீங்கள் அல்ல, உங்கள் ரவுட்டர்தான். கைக்குள் அடங்கும் சின்ன டிரிம் ரவுட்டரில் மோட்டாரின் விட்டம் 65 மி.மீ. அளவில் இருக்கும், சக்தி 700 வாட் அளவில். அதில் கால் அங்குலத் தண்டுள்ள பிட்தான் நுழையும். விளிம்பு உருட்ட, சிறு காடி எடுக்க அது போதும். அதற்குப் போய் ஆள் உயர மேசை கட்டத் தேவையில்லை. மேசையில் நிரந்தரமாக வாழப்போகும் ரவுட்டர் என்றால் அரை அங்குலக் காலட் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ளதாக இருக்கட்டும். கம்பியின் விட்டம் இரட்டித்தால் வளையாமல் நிற்கும் பலம் 16 மடங்காகும். பெரிய பிட் அதிராமல் வெட்டுவதும், வெட்டிய முகம் அலை அலையாக வராமல் இருப்பதும் அந்தப் பதினாறு மடங்கில்தான்.

காலட் பற்றி ஒரு எச்சரிக்கை. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ., அரை அங்குலம் 12.7 மி.மீ. 6 மி.மீ., 12 மி.மீ. தண்டுள்ள பிட்களும் கடையில் கலந்து கிடக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. "இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்" என்று ஒன்றுக்குரிய காலட்டில் மற்றொன்றைப் போடாதீர்கள். ஓடும்போது பிட் மெல்ல மேலேறி வரும், அல்லது தெறித்தே வரும்.

அடுத்து வேகம். மேசை வந்ததும் எல்லோருக்கும் பெரிய பிட் ஆசை வரும். 12 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 22,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகும். அதே வேகத்தில் 90 மி.மீ. பிட்டைச் சுழற்றினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், மணிக்கு 370 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிட்டுக்கும் ஆகாது, எதிரே நிற்பவருக்கும் ஆகாது. பொதுவாக 25 மி.மீ. வரை 24,000, 50 மி.மீ. வரை 18,000, 65 மி.மீ. வரை 16,000, அதற்கு மேலே 12,000 அல்லது அதற்கும் கீழே என்று ஒரு கணக்கு உண்டு. பிட்டின் உறையிலோ தண்டிலோ வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுதான் சட்டம். உங்கள் ரவுட்டரில் வேகத்தைக் குறைக்கும் திருகி இல்லையென்றால் பெரிய பிட்டை மறந்துவிடுங்கள்.

இன்னும் மூன்று விஷயங்களைத் தலைகீழாகப் பிடித்தே சோதியுங்கள். சுவிட்சை அழுத்திய நிலையில் பூட்ட முடிகிறதா? சில ரவுட்டர்களில் விரலை எடுத்தால் நின்றுவிடும், மேசைக்கு அது பயன்படாது. கீழே அழுத்தி இறக்கும் பிளஞ்ச் வகை என்றால், தலைகீழாக மாட்டியபின் அதன் ஸ்பிரிங் உங்கள் எதிரியாகிவிடும். உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் எடையோடு ஸ்பிரிங்கின் பலத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பல ரவுட்டர்களில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம், கையேட்டில் பாருங்கள். மூன்றாவது, உயரத்தை மேசைக்கு மேலிருந்தே மாற்ற வழியிருக்கிறதா? ட்ரைட்டன் நிறுவனத்தின் ரவுட்டர்கள் போன்ற சிலவற்றில் மேலிருந்து ஒரு திருப்பியை நுழைத்துச் சுற்றினால் ரவுட்டர் ஏறி இறங்கும். அந்த வசதி இருந்தால், ரவுட்டர் லிஃப்ட் எனும் விலை கூடிய பொருளை நீங்கள் வாங்கவே தேவையில்லை.

ஒரு மாலையில் ஒரு பலகை

வாங்குவதா செய்வதா என்று தீர்மானிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு மாதம் இதில் வேலை பார்த்தால், உங்களுக்கு உண்மையில் என்ன குறை என்று தெரிந்துவிடும். அதுவரை நீங்கள் பார்க்கும் வசதிகளெல்லாம் அடுத்தவருடைய ஆசைகள்.

12 மி.மீ. பிளைவுட், வளையாத துண்டாக, 60 செ.மீ.க்கு 40 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள். ஸ்குரூ தலை பதியும் முகம் மேலே பார்க்கும்படி அதைப் பலகையின் மேல்முகத்தில் வைத்து, துளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டைத் தவறிக் கவிழ்த்து வைத்தால் துளைகள் இடவலமாக மாறி, ரவுட்டர் உட்காராது. இது எனக்குத் தெரியும், என்னிடம் அப்படி ஆறு துளையுள்ள ஒரு பலகை இருக்கிறது. குறித்த இடங்களில் துளையிட்டு, ஸ்குரூ தலை மேல்மட்டத்துக்குக் கீழே அமிழும்படி வாயை அகட்டுங்கள். நடுவில் 35 மி.மீ. ஓட்டை. ரவுட்டரோடு வந்த ஸ்குரூ நீளம் போதாது. அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதே மரை உள்ள நீளமானதை வாங்குங்கள். அளவுக்கு மிஞ்சிய நீளமும் வேண்டாம், உள்ளே முட்டிக்கொண்டு இறுகியதுபோல் நடிக்கும்.

அடிப்பக்கம் ரவுட்டருக்கு இருபுறமும் 40 மி.மீ. உயரச் சட்டம் ஒவ்வொன்றை நெடுக்குவாட்டில் ஒட்டித் திருகிவிட்டால் பலகை தொய்யாது. இதை இரண்டு மரக்குதிரைகளுக்கு (பலகையைத் தாங்கும் நான்கு கால் தாங்கிகள்) நடுவிலோ, வேலை மேசையின் ஓரத்தில் வெளியே நீட்டியோ கிளாம்பால் இறுக்குங்கள். ஃபென்ஸுக்கு நேரான ஒரு கட்டை, நடுவில் பிட் ஒளிந்துகொள்ள அரைவட்டமாகக் குடைந்தது, இரு முனையிலும் கிளாம்ப். மேசை தயார்.

"ஃபென்ஸ் மேசை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டாமா?" என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். பிட் உருண்டை, அதற்குத் திசையே கிடையாது. ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் அதிலிருந்து பிட்டுக்குள்ள தூரம் ஒன்றுதான். ரம்ப மேசையில் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் மனசில் இறங்காது. இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு முனையின் கிளாம்பை அப்படியே விட்டு, மறுமுனையை 1 மி.மீ. நகர்த்தினால், நடுவிலுள்ள பிட்டின் இடத்தில் அரை மி.மீ.தான் நகரும். விலையுயர்ந்த மைக்ரோ அட்ஜஸ்டர் செய்யும் வேலையை ஒரு சுத்தியலின் மெல்லிய தட்டு செய்துவிடும். ஆனால் ஃபென்ஸ் நேராக இருக்க வேண்டும், மேசைக்குச் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஓட்டும் திசை: மேலிருந்து பார்த்தால், தலைகீழான ரவுட்டரின் பிட் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஃபென்ஸ் பிட்டுக்குப் பின்னால், நீங்கள் முன்னால். மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். அப்போது பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், மரம் ஃபென்ஸோடு ஒட்டியே போகும். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், பின்னாலேயே உங்கள் கையும் போகும். மரத்தை ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே நுழைத்து ஓட்டவே கூடாது. அங்கே பிட்டின் பின்பக்கம் மரத்தைத் தொடும், திசை தலைகீழாகி மரம் அம்பாகப் பறக்கும். எடுத்த காடியை அகலப்படுத்தும்போதும் இதே பொறி ஒளிந்திருக்கிறது. முதலில் ஃபென்ஸுக்குக் கிட்டே உள்ள ஓரத்தை வெட்டி, பிறகு ஃபென்ஸைப் பின்னுக்குத் தள்ளி மற்ற ஓரத்தை வெட்டினால் திசை மாறாது. மாற்றிச் செய்தால் மாறிவிடும்.

கடை மேசையில் என்ன பார்ப்பது

ஒரு மாதம் ஆயிற்று. குனிந்து குனிந்து உயரம் மாற்றி இடுப்பு வலிக்கிறது, தூசி அறையெங்கும் பறக்கிறது, கிளாம்ப் வழியில் நிற்கிறது. இப்போது கடைக்குப் போகலாம்.

விற்பனையில் உள்ளவை மூன்று நான்கு வகைதான். வேலை மேசைமேல் தூக்கி வைக்கும் சின்னது, தரையில் கால் ஊன்றிய முழு மேசை, வார்ப்பிரும்பு மேற்பலகை கொண்டது, ரம்ப மேசையின் சிறகாக மாட்டிக்கொள்வது. ஏற்கனவே ரம்ப மேசை உள்ளவர்கள் கடைசி வகையை முதலில் யோசிக்க வேண்டும். தனி இடமே தேவையில்லை, ரம்பத்தின் ஃபென்ஸே இதற்கும் உதவும். ஒரு வேலைக்காக அமைத்த ரவுட்டரைக் கலைக்காமல் நடுவில் மரம் அறுக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள இம்சை.

கடைக்கு ஒரு நேரான இரும்பு ஸ்கேலும் மூலைமட்டமும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட வேண்டாம். ஸ்கேலை மேற்பலகையின் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சாதாரண அச்சுத்தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். ஸ்கேலுக்கு அடியில் எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணினால் பள்ளத்தின் ஆழம் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு தாள் பரவாயில்லை. நான்கைந்து நுழைந்தால் நகருங்கள்.

மேடும் பள்ளமும் ஒன்றல்ல, இதைக் கவனியுங்கள். பிட் உள்ள இடம் இம்மி மேடாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. மரத்தை அழுத்திப் பிடித்து ஓட்டும்போது பிட்டுக்கு நேர் மேலே மரம் எப்போதும் தொட்டுக்கொண்டே போகும், வெட்டும் ஆழம் மாறாது. பள்ளமாக இருந்தால், நீளமான மரம் பாலம்போல் இரு கரையிலும் நின்றுகொள்ளும், நடுவில் ஆழம் குறையும். முனைகள் வரும்போது பள்ளத்துக்குள் இறங்கி ஆழம் கூடும். நான் வாங்கிய சின்ன மேசையில் இதுதான் நடந்தது. அலுமினியத்தில் வார்த்த மேற்பலகை, பார்க்க லட்சணமாக இருந்தது. நாக்கும் காடியும் எடுத்தேன். முனையில் ஒழுங்காக நுழைந்த நாக்கு நடுவில் ஆடியது. என் கை மேல்தான் தப்பு என்று இரண்டு வாரம் மரத்தை வீணாக்கினேன். கடைசியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது ஏழு தாள் நுழைந்தது.

பிறகு ஃபென்ஸ். மூலைமட்டத்தை வைத்து செங்குத்தா என்று பாருங்கள். இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள், சில ஃபென்ஸ்கள் இறுக்கும்போது தலை சாயும். பிட் வரும் வாயின் இரு பக்கமும் முகப்பலகைகளை நெருக்கி விலக்க முடிய வேண்டும். தகட்டில் உங்கள் ரவுட்டரின் துளை அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற வாசகத்தை நம்பாமல், ரவுட்டரையே தூக்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சின்ன மேசைகளில் பெரிய ரவுட்டரின் உடம்பு கால்களுக்கு நடுவே நுழையாமல் போவதும் உண்டு.

செய்வதென்றால்: மேற்பலகை

இங்கேதான் நிதானம் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கெட்டி மரத்தில் மேற்பலகை செய்யாதீர்கள், எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும். மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும், ஒரு பருவம் தாண்டினால் தட்டை போய்விடும். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகை இரண்டை மரப்பசையால் ஒட்டி 36 மி.மீ. ஆக்குவதுதான் பழகிய வழி. ஒட்டும்போது அடியில் இருக்கும் தளம் தட்டையா என்று பாருங்கள். வளைந்த தரைமேல் வைத்து ஒட்டினால், வளைவையும் சேர்த்து ஒட்டிக் காய வைத்தது போலாகும். அளவு 80 செ.மீ.க்கு 60 செ.மீ. போதும். மேலே மைக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். அடியிலும் ஒட்டியாக வேண்டும். ஒரு முகத்தை மட்டும் மூடினால், திறந்த முகம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். விளிம்புகளில் மரச்சட்டம் ஒட்டி மூடிவிடுங்கள்.

தகட்டை மட்டும் வாங்குங்கள் என்பது என் கட்சி. அலுமினியம் அல்லது ஃபினாலிக் எனும் கெட்டிப் பிசின் தகடு, 6 முதல் 10 மி.மீ. கனம். பரவலாகக் கிடைக்கும் அளவு 298க்கு 235 மி.மீ. (பதினொன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒன்பதே கால்). இந்த அளவிலேயே வாங்கினால் பின்னாளில் லிஃப்ட் வாங்க நேர்ந்தாலும் அதே பள்ளத்தில் உட்கார வாய்ப்பு அதிகம். நடுவில் வெவ்வேறு அளவு வளையங்கள் மாற்றிப் போடும் வசதி இருக்கட்டும். பிட்டைச் சுற்றி வாய் பெரிதாக இருந்தால் சின்ன மரத்தின் முனை அதில் விழுந்து சிக்கும்.

என் முதல் மேசைக்கு 6 மி.மீ. அக்ரிலிக் தாளை நானே வெட்டித் தகடாகப் போட்டேன். அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், அழகாக இருந்தது. ரவுட்டரின் எடை ஐந்தரை கிலோ. அதைக் கழற்றாமல் சில மாதம் தொங்கவிட்டதில் அக்ரிலிக் தொய்ந்து கிண்ணமாகிவிட்டது. கடை மேசையில் பணம் கொடுத்து வாங்கிய அதே பள்ளத்தை இப்போது சொந்தக் கையால் செய்திருந்தேன்.

தகடு பதியும் பள்ளத்தை ரவுட்டராலேயே எடுக்கலாம். தகட்டை மேற்பலகையில், நடுவிலிருந்து சற்று முன்பக்கமாக வையுங்கள். அதைச் சுற்றி நான்கு நேர்க்கட்டைகளை நெருக்கி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். தகட்டை எடுத்துவிட்டால் அதன் வடிவத்தில் ஒரு சட்டகம் நிற்கும். தண்டுப் பக்கம் பேரிங் உள்ள பிட்டை மாட்டி, பேரிங் கட்டைகளை உரசும்படி சுற்றிலும் ஓட்டுங்கள். தகட்டின் மூலை வளைவின் ஆரமும் பிட்டின் ஆரமும் ஒன்றாக இருந்தால் மூலை கச்சிதமாக விழும். பிட் பெரிதாக இருந்தால் மூலையை உளியால் திருத்த வேண்டியிருக்கும். ஆழம் தகட்டின் கனத்தைவிட அரை மி.மீ. கூடுதலாக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவையில் இறங்குங்கள். பிறகு சுற்றிலும் 15 மி.மீ. திண்டு விட்டு, நடுப்பகுதியை ஜிக்சாவால் அறுத்து எடுத்துவிடுங்கள். திண்டில் மூலைக்கொரு சிறு ஸ்குரூ, நீளப் பக்கத்தின் நடுவில் ஒவ்வொன்று. அவற்றின் தலைமேல் தகடு உட்காரும். ஸ்குரூவைத் திருகித் தகட்டை மேற்பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். விரலால் தடவினால் எந்தப் பக்கமும் தடுக்கக் கூடாது. கண்ணைவிட விரல் இதில் கூர்மையானது.

மேற்பலகையில் மைட்டர் கேஜ் (மரத்தைக் கோணம் மாறாமல் பிடித்துத் தள்ளும் கருவி) ஓட ஒரு நீளக் காடி வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அது பலகையைப் பலவீனப்படுத்தும், கூடவே ஃபென்ஸை அந்தக் காடிக்கு இணையாக வைக்கும் தொல்லையும் வந்து சேரும். சட்டத்தின் முனையை வெட்ட, மூலை சரியாக உள்ள ஒரு சதுரப் பலகையைப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து ஃபென்ஸ் ஓரமாகத் தள்ளுங்கள். மரம் நேராகவும் போகும், வெளியேறும் முனை சிம்பு பிரியாமலும் வரும்.

ஃபென்ஸ்

18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பலகைகளை மூலைமட்ட வடிவில் சேர்த்து, பின்புறம் முக்கோண முட்டுகள் நான்கு ஒட்டினால் முடிந்தது. பசை காய்வதற்குள் செங்குத்தைச் சரிபாருங்கள். காய்ந்தபின் கண்டுபிடித்தால், முகப்பலகையின் பின்னால் காகிதத் துண்டு வைத்துத் திருத்தலாம், அவமானமில்லை. நடுவில் 75 மி.மீ. அகல வாய். முன்னால் இரண்டு முகப்பலகைகளை நீள்துளையில் போல்ட் வைத்து மாட்டினால், பிட்டின் அளவுக்கு நெருக்கி விலக்கலாம். வாய்க்குப் பின்னால் சிறு பெட்டி, அதில் தூசி உறிஞ்சும் குழாய் நுழைய ஓட்டை. வெளியேறும் பக்க முகப்பலகைக்குப் பின்னால் ஒரு மைக்காத் துண்டைச் செருகி 1 மி.மீ. முன்னுக்குக் கொண்டுவந்து, நேரான பிட்டின் முகத்தை அந்தப் பக்கத்துக்குச் சமமாக வைத்தால், மர விளிம்பை இழைப்புளி போட்டதுபோல் நேராக்கித் தரும். இந்த ஒரு வசதிக்காகவே ஃபென்ஸை நாமே செய்யலாம் என்பேன்.

மீதி: கால், பெட்டி, லிஃப்ட், சுவிட்ச்

காலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய அலமாரி, கீழ்த்தட்டில் கனமான பொருள், உயரம் 90 செ.மீ. அளவில். குனியாமல் பிட்டைப் பார்க்க முடிந்தால் சரி. அடியில் ரவுட்டரைச் சுற்றிப் பெட்டி கட்டித் தூசியை அடக்கலாம். ஆனால் காற்று உள்ளே வர வழி விடுங்கள். ரவுட்டரின் விசிறி காற்றை இழுத்துத்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது, மூடிய பெட்டிக்குள் அது தன் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும்.

லிஃப்ட் முதல் நாளே வேண்டாம். கார் ஜாக்கியை ரவுட்டருக்கு அடியில் வைத்து லிஃப்ட் செய்பவர்கள் உண்டு, ஸ்பிரிங் கழற்றிய பிளஞ்ச் ரவுட்டருக்கு நன்றாகவே வேலை செய்யும். வாங்கும் லிஃப்ட்கள் பெரும்பாலும் அடித்தட்டிலிருந்து கழன்று வரும் மோட்டாரைத்தான் பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சுவிட்சில் கஞ்சத்தனம் வேண்டாம். மேசையின் முன்பக்கம், முழங்காலால் தட்டினாலும் அணையும் பெரிய சிவப்புப் பட்டை உள்ளது, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத நோ-வோல்ட் வகை. ரவுட்டரின் சொந்த சுவிட்சைப் பூட்டி வைத்திருக்கிறோம், மறந்துவிடாதீர்கள். பிட் மாற்றும்போது மின்சாரம் வந்து அது சுழலத் தொடங்கினால் என்னவாகும்? அதனால் பிட் மாற்றும் முன் பிளக்கையே பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசைமேல் போடுவது என் வழக்கம்.

சரி, உங்கள் கணக்கு என்ன?

செய்வது மலிவு என்று கிளம்புபவர்கள் பிளைவுட்டையும் எம்.டி.எஃப்.பையும் மட்டும் கணக்கிடுவார்கள். தகடு, மைக்கா, பசை, டி-டிராக் (போல்ட் தலை ஓடும் உலோகக் காடி), கைப்பிடித் திருகிகள், சுவிட்ச், குழாய் இணைப்பு, முதல் முயற்சியில் கெட்டுப்போன பலகை என்று கூட்டிப் பாருங்கள். நடுத்தரக் கடை மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பசை காயும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மூன்று விடுமுறை நாள்கள் போகும். ஆனால் அதே தொகைக்கு, சின்ன கடை மேசையைவிடப் பெரிய, கனமான, அதிராத மேசை கிடைக்கும், ஒவ்வொரு பகுதியையும் பிறகு மாற்றலாம்.

நேராக அறுக்க வழியே இல்லாதவர், வேலை முடிந்ததும் மேசையை மடித்து ஒதுக்க வேண்டியவர், வாக்குக் கொடுத்த வேலையை அடுத்த வாரமே முடிக்க வேண்டியவர் வாங்கிவிடலாம். டிரிம் ரவுட்டர் மட்டும் வைத்திருப்பவர் மேலே சொன்ன பலகையிலேயே தொடரலாம். மற்றவர்களுக்கு என் யோசனை: மேற்பலகை, ஃபென்ஸ், கால் மூன்றையும் செய்யுங்கள். தகட்டையும் சுவிட்சையும் வாங்குங்கள். லிஃப்ட் காத்திருக்கட்டும்.

முதல் ஓட்டம்

பிட்டைக் காலட்டின் அடிவரை இறக்கி, 2, 3 மி.மீ. மேலே இழுத்த பிறகு இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் சரியாக இறுகாது. கண்ணாடி, காதுக்கு அடைப்பு, தூசிக்கு முகமூடி. கையுறை வேண்டாம், முழுக்கைச் சட்டையை மடித்து விடுங்கள். ஒரே தடவையில் முழு ஆழமும் வெட்ட ஆசைப்படாமல், 3 மி.மீ. அளவில் படிப்படியாக ஏற்றுங்கள். மரம் கருகினால் நீங்கள் மெதுவாகத் தள்ளுகிறீர்கள், அல்லது பிட் மழுங்கியிருக்கிறது. நான்கு பக்கமும் விளிம்பு எடுக்க வேண்டிய பலகையில் குறுக்கு முனைகளை முதலில் ஓட்டிவிட்டு நீளப் பக்கங்களுக்கு வாருங்கள். முனையில் சிம்பு தெறித்திருந்தாலும் அடுத்த ஓட்டத்தில் போய்விடும். வளைந்த மரத்தைப் பேரிங் பிட்டில் ஓட்டும்போது ஃபென்ஸ் உதவாது. தகட்டிலுள்ள சிறு முளையில் மரத்தைச் சாய்த்துக்கொண்டு மெல்லப் பிட்டுக்குள் திருப்புங்கள். உள்ளங்கை அளவுத் துண்டை நேரடியாக ஓட்டாதீர்கள். பெரிய பலகையில் வடிவத்தை எடுத்துவிட்டு, பிறகு அறுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு சரியாக விழுந்து வெட்டு மனசுக்குப் பிடித்தது என்றால், பிட்டைக் கழற்றும் முன் ஒரு வீண் துண்டையும் அதே அமைப்பில் ஓட்டி எடுங்கள். எந்த பிட், எந்த வேலை என்று அதில் பென்சிலால் எழுதி, மேசைக்கு அடியில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் துண்டைப் பிட்டின் பக்கத்தில் வையுங்கள். பிட்டின் விளிம்பு துண்டின் வடிவத்தில் இடுக்கில்லாமல் பொருந்தும்வரை உயரத்தை மாற்றி, ஃபென்ஸை அதன்மேல் அணைத்து இறுக்கினால் பழைய அமைப்பு இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.